கழியொலிக் கருவியும் குடும்ப வைத்தியரும்: ஒரு பயிற்சிநெறியின் சமூக அடிப்படை

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியை ஆக்கியவரின் பெயரும் ஆக்கிய ஆண்டும் கூறப்படும். அதனைக் கையாளும் உரிமை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. இலக்கிய மாணவராகிய நாம் இவ்வினாவை எழுப்புவது துறைமீறலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயின், எழுத்தறிவு ஒரு காலத்திற் சிலரது உடைமையாக இருந்தமையும், அது பலரது உடைமையானபொழுது இலக்கியத்தின் பொருளும் வடிவமும் மாறியமையும் நாம் நன்கறிந்த செய்திகள். உடலின் உட்புறத்தை வாசிக்கும் அறிவும் அவ்வாறானதே. ஐக்கிய அமெரிக்காவிற் குடும்ப மருத்துவத்திற் பட்டப்பின் பயிற்சி பெறும் வைத்தியர்களுக்கு அண்மைக் காலத்திற் கற்பிக்கப்பட்டுவரும் படுக்கையருகுக் கழியொலிச் சோதனையை இந்நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1. கருவியின் பிறப்பு

மனிதச் செவிக்குப் புலப்படும் ஒலியின் மேலெல்லை செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அதற்கு மேற்பட்டது கழியொலி. மீயொலி எனவும் வழங்குவர். சில பளிங்குகளை அழுத்துமிடத்து மின் தோன்றுகின்றதென்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். இவ்வுண்மையைப் பயன்படுத்தி, முதலாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் முயற்சியில் ஈடுபட்டவர் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் போல் லாஞ்சவென். பாசிச எதிர்ப்பாளரான இவர் 1944இற் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. உலோகங்களினுள் மறைந்துள்ள வெடிப்புக்களைக் கழியொலியாற் கண்டறியலாம் என்ற கருத்தை 1928இல் லெனின்கிராட்டைச் சேர்ந்த சொக்கலோவ் முன்வைத்தார்.

போர்க்களத்திலிருந்தும் தொழிற்சாலையிலிருந்துமே இக்கருவி மருத்துவமனைக்கு வந்தது. கிளாஸ்கோப் பல்கலைக்கழக மகப்பேற்றியற் பேராசிரியரான இயன் டொனால்ட், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை 1955இற் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்றுக்கு எடுத்துச் சென்றார். உலோக வெடிப்புக்களைத் தேடுவதற்கென அங்கிருந்த கருவியால் அவற்றைச் சோதித்தபோது, நீர்க்கட்டியும் திண்மக் கட்டியும் வெவ்வேறு எதிரொலிகளைத் தருவதைக் கண்டார். பொறியியலாளர் ரொம் பிரௌன், வைத்தியர் ஜோன் மக்விக்கார் ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வுரை 1958இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியாயிற்று. குணப்படுத்தவியலாத புற்றுநோயென முடிவுகட்டப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது அகற்றக்கூடிய சூலக நீர்க்கட்டியே என்பதனை அக்கருவி காட்டிற்று. அப்பெண் உயிர் பிழைத்தார். கப்பல் கட்டும் நகரொன்றின் தொழில் அறிவு இல்லாதிருப்பின் டொனால்டின் மதிநுட்பம் மாத்திரம் இதனைச் சாதித்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

2. வேலைப் பிரிவினையும் குடும்ப வைத்தியரும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்க மருத்துவம் விசேட துறைகளாகப் பிளவுண்டு சென்றது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நிபுணர் தோன்றினார். முழு மனிதருக்கு வைத்தியர் அரிதானார். இந்நிலைக்கு எதிர்வினையாகவே 1969இற் குடும்ப மருத்துவம் தனித்துறையாக அங்கீகரிக்கப்பட்டது. அதன் பட்டப்பின் பயிற்சி மூன்றாண்டு காலத்தது. சிசு முதல் முதியோர் வரை ஒரு குடும்பத்தினர் அனைவரையும் தொடர்ந்து கவனிப்பதே அதன் இலட்சியம்.

எனினும், உடலின் உட்புறத்தைக் காணும் அதிகாரம் இவ்வைத்தியருக்கு வந்துசேரவில்லை. சோதனை வேண்டுமென அவர் எழுதுவார், படமெடுப்பவர் வேறொருவர், படத்தை வாசிப்பவர் கதிரியக்கவியல் நிபுணர், நோயாளி நாட்கணக்கிற் காத்திருப்பார், இறுதியில் அறிக்கை மாத்திரம் குடும்ப வைத்தியரை வந்தடையும். ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்ற நூலில், முதலாளித்துவ உற்பத்தியிற் சிந்தனையும் செயலும் பிரிக்கப்படுவதை விளக்கினார். கையும் கண்ணும் தீர்மானமும் மூவரிடையே பங்கிடப்பட்ட இவ்வேலைமுறைக்கும் அவ்விளக்கம் பெரிதும் பொருந்தும்.

கருவி சிறுத்ததும் இவ்வொழுங்கிற் கீறல் விழுந்தது. விபத்துக்குள்ளானோரின் வயிற்றில் இரத்தக் கசிவுண்டா என்பதை அவசர சிகிச்சை வைத்தியர்கள் தாமே பார்க்கும் முறை 1990களிற் பரவிற்று. அமெரிக்க அவசர வைத்தியர் கல்லூரி 2001இல் அதற்கான வழிகாட்டலை வெளியிட்டது; அமெரிக்கக் குடும்ப வைத்தியர் கழகம் 2016இற் பாடத்திட்டப் பரிந்துரையை வெளியிட்டது. கையடக்கத் தொலைபேசியுடன் இணைக்கக்கூடிய, குறைகடத்திச் சில்லு கொண்ட கருவிக்கு அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது.

3. பயிற்சியின் இயல்பு

கதிரியக்கவியல் நிபுணரின் கல்வியைச் சுருக்கி வழங்குவதன்று இப்பயிற்சி. நிபுணர் உறுப்பொன்றை முழுமையாக ஆராய்கிறார். குடும்ப வைத்தியரோ, நோயாளியின் வரலாற்றையும் உடற்பரிசோதனையையும் அடிப்படையாகக் கொண்டு வரையறுத்த ஒரு வினாவை எழுப்பி, 'ஆம்', 'இல்லை' என்ற விடையைத் தேடுகிறார். சில எடுத்துக்காட்டுக்களை நோக்குவோம்.

அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரான, புகைபிடித்த பழக்கமுள்ள ஆண்களுக்கு வயிற்றுப் பெருநாடியை ஒருமுறை சோதித்தல் அந்நாட்டிற் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் விட்டம் 3 சென்ரிமீற்றரை எட்டினால் அது வீக்கமெனக் கொள்ளப்படும். கால் வீங்கி வருபவரின் தொடை நாளத்தைக் கருவியால் மெல்ல அழுத்துமிடத்து, அது தட்டையானால் அவ்விடத்திற் குருதிக்கட்டி இல்லை எனலாம். தட்டையாகாவிடின் ஐயம் வலுக்கும். மூச்சுத் திணறும் முதியவரின் சுவாசப்பையிலிருந்து பல நிலைக்குத்துக் கோடுகள் இருபுறமும் தோன்றினால் அங்கு நீர் தேங்கியிருக்கக்கூடும். பிரசவ அறையிற் சிசுவின் தலை கீழ்நோக்கியுள்ளதா என்பதும் இத்தகைய வினாவே.

இவ்விடைகளைப் பெறுவதற்கு முதலிற் கருவியின் மொழி விளங்கவேண்டும். உடலின் மென்னிழையங்களில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்திற் செல்கிறது. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணிக்கிறது. நீர் கருமையாகவும், எலும்பும் பித்தக்கல்லும் பின்னே நிழல் விழும் வெண்மையாகவும் தோன்றும். வளி ஒலியை ஊடுசெல்ல விடாது. எனவே தோலுக்கும் கருவிக்கும் இடையிற் பசை பூசப்படுகின்றது. மீடிறன் குறைந்த ஒலி ஆழமாகச் செல்லும், ஆயின் தெளிவு குறையும்; மீடிறன் கூடியது தெளிவைத் தரும், ஆயின் ஆழஞ் செல்லாது. வயிற்றுக்கு ஒரு கருவித்தலையும் நாளத்துக்கு வேறொன்றும் தெரிவுசெய்யப்படுவதன் காரணம் இதுவே.

பயிற்சியின் படிகள் நான்கு: சோதனை தேவையா எனத் துணிதல், படத்தைப் பெறல், அதனைப் பொருள்கொள்ளல், சிகிச்சைத் தீர்மானத்துடன் இணைத்தல். இரண்டாவது படி கையின் பயிற்சி. ஓரிரு நாள் வகுப்பில் நலமுள்ளோரின் உடலில் அது தொடங்குகிறது. பின்னர் ஆசிரியரின் மேற்பார்வையில் நோயாளரிடத்துத் தொடர்கிறது. எடுத்த படங்கள் சேமிக்கப்பட்டு அனுபவமுடையோராற் பரிசீலிக்கப்படும். அவசர மருத்துவ வழிகாட்டல் ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் 25 முதல் 50 வரையான பரிசீலிக்கப்பட்ட படப்பதிவுகளை வேண்டிநிற்கிறது. இயல்பானதைப் பன்முறை கண்டவரே இயல்பு திரிந்ததை இனங்காண்பர். நல்ல பாடத்தைப் பலகாற் பயின்றவரே பிழைபட்ட பாடத்தை உணர்வர் என்பதைச் சுவடிப் பதிப்பிற் பழகியோர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

பெருந்தடை கருவியின் விலையன்று, ஆசிரியர் பற்றாக்குறையே. இன்றைய குடும்ப மருத்துவ ஆசிரியருட் பலர் தம் பயிற்சிக் காலத்தில் இதனைக் கற்றவரல்லர். சந்தை கருவியை விரைவில் வழங்கிவிடும். கற்பிக்கும் மனிதரை அவ்வாறு வழங்க அதனால் இயலாது.

4. முரண்பாடுகள்

பரிஸ் நகரில் 1816இல் லெனெக், தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பொலியைக் கேட்டதிலிருந்து உடலொலிமானி பிறந்தது. அதற்கு முன்னர் நோயாளியின் கூற்றே நோயறிதலின் பெரும் ஆதாரமாயிருந்தது. அதன் பின்னர் வைத்தியர் கேட்பது ஒன்று, நோயாளி கூறுவது வேறொன்று என்ற நிலை உருவாயிற்று. கேட்கும் செவி ஒன்றே. படுக்கையருகுக் கருவியின் திரையையோ இருவரும் ஒருங்கே நோக்கலாம். இங்குதான் இப்பயிற்சியின் முற்போக்கான கூறு அமைகிறது. ஜோன் பேர்ஜர் 1967இல் எழுதிய 'ஓர் அதிர்ஷ்டசாலி' என்ற நூலில் ஆங்கிலக் கிராம வைத்தியரொருவரை ஆராய்ந்து, நோயாளியை மனிதராக இனங்காணலே அவரது பணியின் சாரமெனக் காட்டினார். திரையை நோயாளியின் பக்கம் திருப்பி விளக்கும் வைத்தியர் அவ்வினங்காணலை வளர்க்கிறார். திரையை மாத்திரம் நோக்கி முகத்தை மறப்பவர் அதனை அழிக்கிறார். கருவி ஒன்றே.

பிரிந்த உழைப்பு ஒருவரிடத்து மீண்டும் இணைவது வரவேற்கத்தக்கதே. ஆயின், நோயாளிக்கு ஒதுக்கிய நேரம் கூடாமல் வேலை மாத்திரம் கூடுமாயின் அது உழைப்புச் சுரண்டலின் தீவிரமாகவே முடியும். ஒவ்வொரு சோதனைக்கும் கட்டணம் அறவிடும் அமைப்பிலே தேவையற்ற சோதனைகள் பெருகவும், தற்செயலாகத் தென்படும் தீங்கற்ற புள்ளியொன்று நோயாளியைச் சோதனைமேற் சோதனைக்கு இட்டுச்செல்லவும் இடமுண்டு. 'சோதனை தேவையா' என்ற முதற்படியைப் பயிற்சி வலியுறுத்தவேண்டியது இதனாலேயே.

கருவி தன்னளவில் விடுதலை தராதென்பதற்கு இந்தியா கசப்பான சான்று. பெண் சிசுவைக் கருவிலேயே இனங்கண்டு அழிக்கும் கொடுமைக்குக் கழியொலி துணைபோனமையால், 1994இற் பாலினத் தெரிவுத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கழியொலிக் கருவிகள் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாயின. கருவி மாறவில்லை, சொத்துரிமையும் ஆணாதிக்கமும் அதனைத் தம் வழிக்கு வளைத்தன.

ஆகவே, குடும்ப வைத்தியரின் கையில் இக்கருவி சேர்வதை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றமென்று போற்றுவதும், நிபுணத்துவத்தின் சீரழிவென்று தூற்றுவதும் ஒருதலைப்பட்சமானவை. மருத்துவமனையின் ஓர் அறையுள் அடைபட்டிருந்த அறிவு வெளியே வருகின்றது. அது நகர்ப்புறத் தனியார் சிகிச்சை நிலையத்தில் இன்னொரு கட்டணமாகுமா, நிபுணர் எட்டிப்பாராத கிராமத்தில் ஒரு தாயின் காத்திருப்பைக் குறைக்குமா என்பதைத் தீர்மானிப்பது கருவியன்று. யாருக்குக் கற்பிக்கிறோம், எங்கு பணிசெய்யக் கற்பிக்கிறோம், அதற்கான செலவை யார் ஏற்கின்றனர் என்பவையே அதனைத் தீர்மானிக்கும்.