குண்டு மழையில் ஸ்ட்ரெச்சர் சுமந்த கூலிகள்

வி.டி. ஸ்டேஷனிலிருந்து தாணா 34 கிலோமீட்டர். 1853-ல் நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தூரம் அது. ஸ்டேஷனுக்குச் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்று பெயர் மாறிவிட்டது; தூரம் மாறவில்லை. தாணாவைத் தாண்டி இரண்டாவது ஸ்டேஷன் மும்ப்ரா, 40 கிலோமீட்டர். காலை நேர 'ஸ்லோ' வண்டியில் நின்றுகொண்டே போனால் கால் கடுத்துப்போகும்.

அந்த அளவு தூரத்தை, குண்டடி பட்ட ஒருவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, குலுங்காமல், ஒரே நாளில் சுமந்து நடந்திருக்கிறார்கள் நம்மவர்கள். இங்கே அல்ல, தென்னாப்பிரிக்காவில். ஆண்டு 1900.

இங்கிலீஷ்காரருக்கும் டச்சு வம்சாவளியினரான போயர்களுக்கும் 1899 அக்டோபரில் போர் மூண்டது. டர்பன் நகரில் வக்கீல் தொழில் நடத்திவந்த காந்திக்கு அப்போது வயது 30. அவருடைய அனுதாபம் போயர்கள் பக்கம்தான். ஆனாலும், பிரிட்டிஷ் பிரஜை என்ற முறையில் உரிமை கேட்கிறவர்கள், ஆபத்துக் காலத்தில் கைகட்டி நிற்கலாகாது என்று வாதிட்டார். இந்தியர்கள் தொண்டு செய்யத் தயார் என்று அரசாங்கத்துக்கு எழுதினார்.

கிடைத்தது ஏளனம். 'உங்களுக்கு யுத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் வந்தால் பட்டாளத்துக்குப் பாரம்தான்' என்கிற தோரணையில் பேசினார், சட்டசபையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர். டர்பனில் ஆங்கிலிகன் மிஷனை நடத்திய டாக்டர் பூத் அப்படி நினைக்கவில்லை. காயம்பட்டவர்களைக் கவனிக்க அவரே பயிற்சி கொடுத்தார். பிஷப் பேன்ஸும் சிபாரிசு செய்தார். போர்முனையில் வெள்ளையர் தரப்பில் அடிமேல் அடி விழுந்த பிறகுதான் அரசாங்கம் இறங்கி வந்தது.

படையில் சேர்ந்தவர்கள் சுமார் 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர்கள். குமாஸ்தா, கணக்கப்பிள்ளை, தச்சர், கொத்தனார் என்று பல தொழில்காரர்கள் அதில் இருந்தார்கள். தலைவர்கள் சுமார் 40 பேரும் சம்பளம் வாங்கவில்லை.

மீதி 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததே, அன்று தொடங்கிய வரிசையில் போனவர்கள். 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆகவே இந்த 800 பேரில் தமிழும் தெலுங்கும் பேசியவர்களே மிகுதியாக இருந்திருக்க வேண்டும். அத்தனை பேரும் மனமுவந்து வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. முதலாளி விடுவித்து அனுப்பினார், இவர்கள் போனார்கள்.

ரயிலும் நடையும்

டர்பனிலிருந்து ரயில் பயணம். போர்முனைக்குப் போகும் பாதை அது ஒன்றுதான். ஒரு மாதத்துக்கு முன்புதான் அதே பாதையில் சர்ச்சில் போன கவச ரயிலைப் போயர்கள் கவிழ்த்து, அவரையும் சிறைபிடித்திருந்தார்கள். அந்தத் தண்டவாளத்தின் மேல், துப்பாக்கி இல்லாத ஆயிரம் பேர்!

டிசம்பர் 15 கொலென்சோ சண்டை. பிரிட்டிஷாருக்குப் படுதோல்வி. தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் மகன் அதில் படுகாயமுற்று இறந்தார். அவர் உடலைக் களத்திலிருந்து சுமந்து வந்தது இந்தியப் படை. டிசம்பர் என்றால் அந்நாட்டில் கடுங்கோடை. சீவ்லி முகாம் நோக்கி நடந்த அன்று எல்லோருக்கும் தொண்டை வறண்டது. வழியில் சின்னதாக ஓர் ஓடை. சோல்ஜர்கள் முதலில் குடிக்கட்டும் என்று இந்தியர்கள் ஒதுங்கி நின்றார்கள். சோல்ஜர்களோ, 'நீங்கள் முதலில்' என்றார்கள். சற்று நேரம் இரு தரப்பிலும் இதே உபசாரம் நடந்தது என்று காந்தி எழுதியிருக்கிறார். டர்பன் நகரத்தில் ஓர் இந்தியர் வெள்ளையரோடு நடைபாதையைப் பகிர்ந்துகொள்வதே சங்கடமாக இருந்த காலம் அது. தாகம் செய்த வேலையைப் பாருங்கள்!

ஸ்பியான் காப்

எல்லையை முதலிலேயே வகுத்திருந்தார்கள். குண்டு விழும் இடத்துக்கு இந்தியர்கள் போக வேண்டாம். அதற்கு வெளியே வேலை செய்தால் போதும். 1900 ஜனவரி 24-ல் ஸ்பியான் காப் குன்றின் உச்சியில் பிரிட்டிஷ் வீரர்கள் கும்பல் கும்பலாக மடிந்தபோது அந்த எல்லை அழிந்தது. தளபதி புல்லரிடமிருந்து சேதி வந்தது. 'கட்டாயம் இல்லை. ஆனால் களத்துக்கே வந்து காயம்பட்டவர்களை எடுத்துப்போனால் அரசாங்கம் நன்றியுடையதாக இருக்கும்.' தயங்காமல் போனார்கள்.

இந்த நாட்களில்தான் தினம் 20 மைல், 25 மைல் நடை. ஸ்பியர்மன் முகாமிலிருந்து ஃப்ரியர் ரயில் நிலையம் வரை 25 மைல், அதாவது நம் மும்ப்ரா தூரம். சுமந்தவர்களில் ஜெனரல் உட்கேட்டும் ஒருவர். குன்றின் மேல் படையை நடத்திப்போன அவர் குண்டடி பட்டு வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார். வழியிலேயே உயிர் போய்விடுமோ என்ற பயத்தில் வேகமாகவும் நடக்க வேண்டும். அவருக்கு வலிக்காமலும் நடக்க வேண்டும். தோளில் பாரம் சுமந்து பழகியவர்களுக்கு அதன் கஷ்டம் புரியும். உட்கேட் அந்தப் பயணத்தைத் தாங்கினார். ஆனால் மார்ச் மாதம் இறந்துபோனார்.

மொத்தம் ஆறு வாரச் சேவை. பிறகு படை கலைக்கப்பட்டது. ஏளனம் செய்த நேட்டால் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. 37 தலைவர்களுக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. காந்தி எழுதிய விவரக் கட்டுரை அதே 1900-ல் இங்கே பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் வெளியாயிற்று.

சுமந்த 800 பேர்? தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் திரும்பினார்கள். 1895-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, அதன் பிறகு கப்பலேறிய கூலிகள் ஒப்பந்தம் முடிந்தும் அந்நாட்டில் தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதச் சம்பளம். ஜெனரலைச் சுமந்த தோளுக்கும் இதில் சலுகை கிடையாது. அந்த வரி ஒழிய 1914 ஆயிற்று.

அந்தப் போரில் பெயர் நிலைத்த ஒப்பந்தத் தொழிலாளி என்றால் பிரபு சிங்தான். முற்றுகையில் சிக்கிய லேடிஸ்மித் ஊரில் மரத்தின் மேல் உட்கார்ந்து, எதிரியின் பீரங்கி நெருப்புக் கக்கும்போதெல்லாம் மணியடித்து ஊரை எச்சரித்தவர். வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி அவருக்கு அங்கி அனுப்பிக் கௌரவித்தார். ஸ்ட்ரெச்சர் சுமந்தவர்களுக்கு அப்படி ஒரு பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. எரவாடா சிறையில் 1923-ல் தொடங்கி காந்தி சொல்லி எழுதுவித்த தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றிலும் அவர்கள் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள்.

தமக்குக் கிடைத்த போயர் போர்ப் பதக்கத்தைக் காந்தி, 1920 ஆகஸ்ட் 1 தேதியிட்ட கடிதத்தோடு வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று அவர் பம்பாயில் இருந்தார். கிராஃபர்டு மார்க்கெட் அருகே சர்தார் கிரகத்தில் திலகர் காலமான தினம் அது. சௌபாத்திக் கடற்கரைக்குப் புறப்பட்ட பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் காந்தியும் ஒருவர்.