உங்களுக்குத் தெரியுமா? குனிவது முதுகா, இடுப்பா?

மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் 1933-இல் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் தொடங்கிய யோகசாலையில் பயின்ற முன்வளைவு ஆசனங்களில் பெரும்பங்கு இடுப்பு மூட்டுடையது. கீழ்முதுகின் ஒவ்வொரு இணைப்பும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து அசைவது சுமார் 12 முதல் 17 டிகிரிதான். அப்படியானால், முதுகெலும்புகளுக்கு இடையே கெட்டுப்போன டிஸ்கை (இடைவட்டை) எடுத்துவிட்டு அந்த எலும்புகளை ஒன்றாக ஒட்டவைத்தால் என்ன குறை என்று கேட்கலாம். குறை அந்த இடத்தில் தெரியாது. அசைவிழந்ததன் பங்கு பக்கத்து டிஸ்குகளின் தலையில் விழக்கூடும். அதைத் தவிர்க்கத்தான் 1980-களில் கிழக்கு பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் செயற்கை டிஸ்க் உருவானது. (உருவாக்கியவர்களில் ஒருவரான கரின் பியூட்னர்-யான்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம்னாஸ்ட், முதுகின் அருமை தெரிந்தவர்!) ஆனாலும் அது அசைவைக் காக்குமே தவிர, இருபது வயது வளைவைத் திருப்பித் தராது. முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்தவருக்கோ, காப்பாற்றிய அசைவே வலியாகலாம். அவருக்கு ஒட்டவைப்பதே மேல்.