விழுந்த குழந்தை முதலில் எங்கே பார்க்கும்?

நடக்கப் பழகும் குழந்தை தடுக்கி விழுந்தால் பல நேரம் உடனே அழாது, கவனிச்சிருக்கீங்களா? ஒரு நொடி நிமிர்ந்து அம்மாவையோ பாட்டியையோ பார்க்கும். அவங்க "ஐயோ!"ன்னு பதறினா வீடே அதிரும். "ஒண்ணுமில்லடா, எழுந்திரு"ன்னா பாதி நேரம் எழுந்து போயிடும்.

இது நடிப்பு இல்லை. எதுக்குப் பயப்படணும் என்பதையே குழந்தை பெரியவங்க முகத்தில்தான் படிக்குது. 1985-ல் வெளியான ஜேம்ஸ் சோர்ஸ் குழுவினரின் ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஒரு மேசை, மேலே முழுக்கக் கண்ணாடி, பாதியில் மட்டும் கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு வயதுக் குழந்தை, அந்தப் பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பேச்சே இல்லை, முகம் மட்டும்தான்.

அழுகையை அடக்குவதும் இப்படித்தான். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குச் சுலபமா சொன்னா, பிறந்த குழந்தைக்கு சென்சார் இருக்கு, கன்ட்ரோலர் பெரும்பாலும் வெளியே இருக்கு. அது தூக்கி வைத்துத் தட்டிக்கொடுக்கும் கை. "பொம்மை உடைஞ்சதால கோபமா?"ன்னு கேட்கும் குரல். இது திரும்பத் திரும்ப நடந்து, வருஷக்கணக்கில் அந்த வேலையைக் குழந்தை தானே செய்யப் பழகுது. ("தரையை அடிச்சுட்டேன், அழாதே" என்பது எனக்கு ஒப்பாது. வலியை விட்டுட்டு பழிவாங்கப் போறோம்.)

அந்தக் கை விலகினால்? 1970-களில் எட்வர்ட் டிரானிக், கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாக்களைச் சில நிமிடம் முகத்தில் அசைவே இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தைகள் முதலில் சிரித்து இழுக்கப் பார்த்தன, முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன, சில அழுதன. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. பதில் வரவில்லை, அவ்வளவுதான். போனில் மூழ்கிய முகத்தை வைத்தும் பின்னாளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அப்போ அம்மா அப்பா இருபத்துநாலு மணி நேரமும் சரியா பதில் சொல்லணுமா? இல்லை. சாதாரணமா நல்லா இருக்கும் தாய்-சேய் ஜோடிகளே சுமார் 30 சதவீத நேரம்தான் ஒத்துப்போகின்றன என்பது டிரானிக்கின் கணக்கு. மீதி நேரம் பிசகுவதும், திரும்பச் சேர்வதுமாகப் போகிறது. அந்தச் சோதனையிலும் அம்மா பழையபடி சிரித்ததும் எல்லாக் குழந்தையும் உடனே சமாதானம் ஆகவில்லை. சில முறைப்போடு இருந்தன. அம்மா விடாமல் பேச்சுக்கொடுக்க வேண்டியிருந்தது.