பாக்கு விரிகுடாவின் அடித்தரை

கடலை நோக்குவோர் பெரும்பாலும் அதன் மேற்பரப்பையே நோக்குவர். திரையைப் பாடிய நம் முன்னோர் அதன் அடியிற் கிடக்கும் சங்கையும் இப்பியையும் அறியாதவரல்லர். ஆயினும், அவை கிடக்கும் தரை எத்தன்மைத்து, எங்ஙனம் அமைந்தது என்னும் வினாவிற்கு விடை காண்டல் அறிவியலின் பாற்பட்டது. புதுக்கோட்டை மாவட்டக் கரையைத் தழுவிக் கிடக்கும் பாக்கு விரிகுடாவைக் கொண்டு அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம் முதலிய ஊர்கள் இக்கரையில் உள்ளன. வடகிழக்கே கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடைப்பட்ட நீரிணையும், தெற்கே இராமர் அணையும் இதற்கு எல்லையாம். இதன் பெரும்பகுதி 13 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையதே.

முற்காலத்து மாலுமிகள் கயிற்றிற் கட்டிய ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்த்தனர். குண்டின் அடிக்குழியிற் கொழுப்பைத் தடவி வைப்பர். அதில் ஒட்டி வரும் மணலோ சேறோ தரையின் இயல்பைக் காட்டும். இக்காலத்தார் ஒலியை விடுத்து எதிரொலியைக் கேட்கின்றனர். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். ஆகவே 9 மீட்டர் ஆழத்தில் அது சென்று மீள்வதற்கு ஒரு விநாடியை ஆயிரம் கூறிட்டதில் 12 கூறே வேண்டும்.

பின்னர், இரும்புக் கவ்வியால் மேல்மண்ணையும், நீண்ட குழாயால் உள்ளடுக்குகளையும் எடுப்பர். அம்மண்ணைச் சலித்து, 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைப் பரலென்றும், 0.063 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைச் சேறென்றும், இடைப்பட்டதை மணலென்றும் வகுப்பர். நீர்த்த அமிலம் வார்த்தால் சிப்பித்தூளின் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். முன்னும் பின்னும் நிறுத்தால் அதன் பங்கு விளங்கும்.

சிப்பிகளும் சான்று பகர்வனவே. இரு மூடியும் பிரியாது கிடப்பின் அவ்வுயிர் அங்கேயே வாழ்ந்ததெனக் கருதலாம். ஒற்றை மூடியாய்த் தேய்ந்து கிடப்பின் அலை அதனைக் கொணர்ந்திருத்தல் கூடும். குழாய்மண்ணில் கழிமுகச் சிப்பி கீழும் கடற்சிப்பி மேலுமாக அமையின், கடல் நிலத்தின்மேல் ஏறிவந்த வரலாறு புலனாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், உலகின் நீரில் ஒரு பங்கு பனியாய் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றினும் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இவ்விரிகுடா விரிகுடா அன்று. இந்நாட்டையும் ஈழத்தையும் இணைத்த நிலமே. சிப்பியிலுள்ள 14 என்னும் எண்ணுடைய கரிமம் ஏறத்தாழ 5730 ஆண்டிற் பாதியாகக் குறைவதால், கடல் வந்த காலத்தையும் கணித்தறியலாகும்.

இவ்வறிவினாற் பயன் யாதோ எனின், கூறுதும். தரையின் தன்மையே ஆண்டு வாழும் உயிர்களை வரையறுக்கின்றது. சங்கு மணற்றரையில் புழுவைத் தின்று வாழும். கடற்புல் ஒளி புகும் ஆழமற்ற நீரில் வேரூன்றும். அப்புல்லை மேய்ந்து கடற்பசு வாழும். அதனைக் காத்தற்பொருட்டுத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை அடுத்த கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு காப்பகமாக அறிவித்தது. இழுவலையோ அடித்தரையை உரசிச் செல்வது. அது புல்லைப் பெயர்க்கும். சேற்றைக் கலக்கி ஒளியை மறைக்கும். மேலடுக்குகளையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனினும், இழுவலையை நம்பி வாழும் குடும்பங்களும் இக்கரையிற் பல. ஆதலின் எவ்விடத்துப் புல் உளது, எவ்விடத்து வெறுமணல் உளது என்று அளந்தறிந்து, பரதவரோடு கலந்து எல்லை வகுத்தலே முறையாகும். அளவாது வகுத்த எல்லை கடலுக்கும் உதவாது, வலைஞர்க்கும் உதவாது.