திரவமும் வாயுவும்: ஒரு சமன்பாட்டின் கதை

கரியமில வாயு அடைத்த தீயணைப்பு உருளைகளை அலுவலகச் சுவர்களில் நேயர்கள் கண்டிருப்பீர்கள். மார்கழி மாத விடியலில் அவ்வுருளையினுள்ளே கீழே திரவமும், அதன்மேல் வாயுவும் தனித்தனியே இருக்கும். அக்கினி நட்சத்திர நாட்களில், சென்னை வெயில் 40 பாகையைத் தொடும் வேளையிலோ, இரண்டையும் பிரிக்கும் மட்டம் மறைந்துவிடுகிறது. உருளை முழுவதும் ஒரே பொருள். அதைத் திரவம் என்பதா, வாயு என்பதா? இக்கேள்விக்கு விடை தேடிப் பிறந்ததே இன்று நாம் பேசப்போகும் சமன்பாடு.

ஒரு பொருளின் அழுத்தம், அது அடைத்துக்கொள்ளும் பருமன், அதன் உஷ்ணநிலை ஆகிய மூன்றையும் இணைத்துக் கூறுவது நிலைச் சமன்பாடு எனப்படும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி நாம் பள்ளியில் பயின்றதே. உஷ்ணநிலை மாறாதிருக்க, பருமனைப் பாதியாக்கினால் அழுத்தம் இரட்டிக்கும். எளிய விதிதான், ஆனால் அவ்விதிக்குக் கட்டுப்பட்ட வாயு ஒருநாளும் திரவமாகாது. எவ்வளவு நெருக்கினாலும் அது வாயுவாகவே சுருங்கிக்கொண்டு போகும்.

மெய்யான வாயுக்கள் அப்படியல்ல. மைக்கேல் பாரடே 1823-இல் குளோரின் வாயுவைத் திரவமாக்கினார். பின்னர் வேறு பலவற்றையும் ஆக்கினார். ஆயினும் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் முதலிய சில மட்டும் வசப்படவில்லை. ஆயிரக்கணக்கான வாயுமண்டல அழுத்தத்தை ஏவியும் பயனில்லை. அவற்றுக்கு ‘நிலையான வாயுக்கள்’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டார்கள்.

அவர்கள் நெருக்கியதில் குறையில்லை. போதிய அளவு குளிர்விக்கவில்லை என்பதே குறை. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துத் தாமஸ் ஆண்ட்ரூஸ் இதனை 1869-இல் தெளிவாக்கினார். கரியமில வாயுவை ஏறத்தாழ 31 பாகைக்கு மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு அழுத்தினாலும் திரவ மட்டம் தோன்றுவதில்லை. இவ்வெல்லைக்கு மாறுநிலை உஷ்ணநிலை என்று பெயர். நம் வீட்டுச் சமையல் வாயுவில் உள்ள புரொப்பேனுக்கு இது 97 பாகை அளவில் இருப்பதால், அது உருளையில் திரவமாக அடங்குகிறது. மீத்தேனுக்கோ சுழிக்குக் கீழே 82 பாகைக்கும் அப்பால். ஆகவேதான் வாகனங்களில் அதை அழுத்திய வாயுவாகவே சுமந்து செல்கிறோம்.

ஆண்ட்ரூஸ் கண்டதற்குக் காரணம் கூறியவர் ஹாலந்து நாட்டின் யோஹானஸ் வான் டெர் வால்ஸ். தச்சர் ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர். கிரேக்கமும் லத்தீனும் கல்லாதவராகையால் பல்கலைக்கழகப் பட்டத்தேர்வு அவருக்கு நெடுநாள் மறுக்கப்பட்டிருந்தது. விதி தளர்ந்தபின், 1873-இல், தமது முப்பத்தைந்தாம் வயதில், லைடன் நகரில் ஆய்வுரையை அளித்தார். பாயிலின் விதியில் இரண்டே திருத்தங்கள் செய்தார். மூலக்கூறுகள் வெறும் புள்ளிகளல்ல. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இடம் அடைத்துக்கொள்வதுபோல் அவையும் அடைத்துக்கொள்கின்றன. ஆகவே பருமனிலிருந்து ஓர் அளவைக் கழிக்கவேண்டும். அன்றியும், அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. சுவரை மோத வரும் மூலக்கூற்றைப் பின்னாலிருப்பவை இழுத்துப் பிடிப்பதால் அழுத்தம் குறைகிறது, அக்குறையை ஈடுசெய்யவேண்டும்.

இவ்வளவே. ஆனால் விளைவைப் பாருங்கள்! மாறுநிலைக்குக் கீழே, தக்க அழுத்தத்தில், இச்சமன்பாடு பருமனுக்கு மூன்று விடைகள் தருகிறது. பெரியது வாயு, சிறியது திரவம். நடுவிலுள்ளதற்கோ, அழுத்தத்தைக் கூட்டினால் பொருள் விரியவேண்டும் என்ற விபரீதம் நேருகிறது. அத்தகைய பொருள் நிலைத்திராது. அவ்வளைவை வெட்டி நேர்கோடாக்கும் முறையை மாக்ஸ்வெல் 1875-இல் காட்டினார். உஷ்ணநிலை உயர உயர மூன்று விடைகளும் நெருங்கி, மாறுநிலையில் ஒன்றாகின்றன. அதற்குமேல் ஒரே விடைதான். நமது உருளையில் மட்டம் மறைந்ததன் பொருள் இதுவே.

1880-இல் அவர் இன்னும் ஒருபடி சென்றார். ஒவ்வொரு பொருளின் அழுத்தம், பருமன், உஷ்ணநிலைகளை அதனதன் மாறுநிலை அளவுகளால் வகுத்துவிட்டால், எல்லாப் பொருள்களும் ஏறக்குறைய ஒரே சமன்பாட்டுக்கு அடங்குகின்றன என்றார். எவரும் திரவமாகக் காணாத ஹீலியத்தின் மாறுநிலையையும் முன்கூட்டி மதிப்பிட இது வழிகாட்டியது. லைடனில் காமர்லிங் ஆனஸ் அவ்வாறே மதிப்பிட்டு, அதை எட்டக் கூடியதென்று துணிந்து, 1908 ஜூலை 10-ஆம் நாள் முயன்றார். திரவ ஹைட்ரஜன் இருபது லிட்டர் செலவாயிற்று. உஷ்ணமானி இறங்குவது நின்றும் கண்ணாடிக் கலத்தில் ஒன்றும் தென்படவில்லை. பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர், கீழிருந்து ஒளி பாய்ச்சச் சொன்னார். கத்திமுனைபோல் ஒரு மட்டம் பளிச்சிட்டது! அறுபது கன சென்டிமீட்டர் ஹீலியம், சுழிக்குக் கீழே 269 பாகையில்.

இத்தனைக்கும் அச்சமன்பாடு எண்ணளவில் துல்லியமானதன்று. மாறுநிலையில் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி, வாயு மாறிலி, தனி உஷ்ணநிலை இவற்றின் பெருக்கத்தால் வகுத்தால், எல்லாப் பொருளுக்கும் 0.375 வரவேண்டும் என்கிறது அது. அளந்து பார்த்தால் கரியமில வாயுவுக்கு 0.274, தண்ணீருக்கு 0.23. பொறியாளர் இப்பிழையைப் பொறுப்பாரா? 1949-இல் ரெட்லிக், குவாங் இருவரும், 1976-இல் பெங், ராபின்சன் இருவரும் ஈர்ப்புப் பகுதியை மாற்றியமைத்தனர். எண்ணெய், எரிவாயுத் தொழில்களில் இவர்கள் வகுத்த சமன்பாடுகள் பெருவழக்கில் உள்ளன. கரியமில வாயுவுக்கென்றே ஸ்பான், வாக்னர் இருவரும் 1996-இல் வெளியிட்ட சமன்பாட்டில் நாற்பத்திரண்டு உறுப்புகள் உண்டு. மிக நுட்பமானது, ஆனால் அவற்றில் ஒன்றைச் சுட்டி, இது மூலக்கூற்றின் பருமன், இது அதன் ஈர்ப்பு என்று சொல்ல இயலாது.