304: ஒரு கூட்டல் பாடம்

ஒரகடம் தொழிற்பேட்டை அருகே ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகன், தமிழ் தெரியாமல் ஒதுங்கியே இருந்தான். தமிழகத்திலும் இலங்கையிலும் நால்வர் ஆடும் '304' சீட்டாட்டத்தை, இருவர் காசு வைக்காமல் ஆடுமாறு சுருக்கி, அட்டைகளில் எழுதிக் கொடுத்தேன்.

நான்கு குறிகளிலும் ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 புள்ளிகள். வலிமையும் அதே வரிசை. ஆளுக்கு 12 சீட்டு. ஒரு குறி துருப்பு. முதலில் இறக்கிய குறியிலேயே மற்றவரும் இறக்க வேண்டும். இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம், அல்லது வேறு சீட்டைக் கழிக்கலாம். வென்றவருக்கு இரு சீட்டும். அடுத்து இறக்குவதும் அவரே. 152-ஐத் தாண்டினால் வெற்றி.

முடிவில் இருவர் புள்ளிகளையும் கூட்டினால் 304 வர வேண்டும். ஒருநாள் 294 வந்தது. "பத்து இல்லை" என்றான் அவன், தமிழில். பத்து பெஞ்சுக்கடியில் கிடந்தது.