ஆரம்ப வகுப்புகளில் அசைவுத் திறன்களும் எமது மலைநாட்டுச் சிறார்களும்

குழந்தை தானாகவே நடக்கப் பழகிவிடுகிறது. விழுந்து எழும்பி, சுவரைப் பிடித்து, பிறகு சுவரை விட்டு, ஒரு வயதை அண்டும்போது அது நடந்துவிடுகிறது. ஆகவே ஓடுதல், பாய்தல், எறிதல், பிடித்தல் என்பனவும் வயது வரும்போது தாமாகவே வந்துவிடும் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மைதான். ஓட்டம் ஓரளவு தானாக வரும். எறிதல் வராது. சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கல்லைக் கொடுத்துக் கொய்யாக்காய் ஒன்றை விழுத்தச் சொல்லிப் பாருங்கள். வாப்பாவின் கல் காய்க்குப் பக்கத்திலாவது போகும். உம்மாவின் கல் பெரும்பாலும் அவர் காலடியிலேயே விழும். இது ஆண், பெண் உடம்பின் வேறுபாடு மாத்திரமல்ல. சிறு வயதில் யாருக்கு எறிந்து பழகச் சந்தர்ப்பம் கிடைத்தது என்பதன் வேறுபாடுமாகும்.

உடற்கல்வியில் அடிப்படை அசைவுகளை மூன்று வகையாகப் பிரிப்பர். நடத்தல், ஓடுதல், பாய்தல், நொண்டியடித்தல் என்பன இடம்விட்டு இடம் பெயரும் அசைவுகள். வளைதல், திரும்புதல், ஒற்றைக்காலில் சமநிலை பேணுதல் என்பன நின்ற இடத்திலேயே செய்பவை. எறிதல், பிடித்தல், உதைத்தல், அடித்தல் என்பன ஒரு பொருளைக் கையாளும் அசைவுகள். இவற்றைச் சீராகச் செய்வதற்குக் கண் தரும் தகவல், உட்காது உணரும் சமநிலை, தசைகளும் மூட்டுகளும் தாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று அனுப்பும் செய்தி ஆகிய மூன்றையும் மூளை ஒன்றுசேர்க்க வேண்டும். இதில் சிறுமூளைக்குப் பெரும் பங்குண்டு. இந்த ஒன்றுசேர்ப்பைத்தான் ஒருங்கிணைப்பு என்கிறோம். அதைச் சொல்லிக் கொடுத்து விளங்கவைக்க முடியாது; செய்து செய்துதான் வரும்.

இதற்கு ஒரு காலமும் உண்டு. உடல் அசைவு விருத்தி பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் டேவிட் கலாஹூ, அடிப்படை அசைவுகள் உருவாகும் பருவம் ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரை என்கிறார். அதன் பின்னரே பிள்ளை அவற்றை விளையாட்டுத் திறன்களாகக் கோத்துக்கொள்கிறது. 1980 இல் வேர்ன் சீபெல்ட் என்பவர் இன்னொரு கருத்தை முன்வைத்தார். அடிப்படைத் திறன்கள் போதிய அளவு கைவராத பிள்ளைக்கு, பிற்காலத்தில் விளையாட்டுகளுக்குள் நுழைய முடியாதபடி ஒரு தடை எழும்புகிறது என்பதே அது. பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை தரம் 7 இல் வலைப்பந்தாட்ட அணிக்கு வரமாட்டாள். வராததால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாததால் திறமையும் இல்லை. கடைசியில் "எனக்கு விளையாட்டில் விருப்பமில்லை" என்று அவளே சொல்லத் தொடங்கிவிடுவாள். அது விருப்பமின்மையா, இயலாமையா என்று யாரும் கேட்பதில்லை.

நமது நாட்டின் ஆரம்பக் கல்வி இதை அறியாததல்ல. 1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், கற்றலை வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றாக வகுத்தது. தரம் 1, 2 இல் விளையாட்டுக்கு முதலிடம். மேலே போகப் போக மேசை வேலை கூடிச் செல்லும். காகிதத்தில் மிக அழகான திட்டம். ஆனால் தரம் 3 இலேயே புலமைப்பரிசில் டியூசன் தொடங்கிவிடுகின்ற ஒரு நாட்டில், விளையாட்டுப் பாடவேளை என்பது பெரும்பாலும் கணிதத்தில் மிச்சமிருப்பதை முடிக்கும் பாடவேளையாக மாறிவிடுகிறது.

மலைநாட்டில் இதற்கு மேலாக நிலத்தின் சிக்கலும் உண்டு. எங்கள் மஸ்கெலியாவில் சமதரை என்பது அரிய பொருள். பழைய மஸ்கெலியா நகரம் இருந்த பள்ளத்தாக்கு 1969 இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. புதிய நகரமும் தோட்டங்களும் லயங்களும் சரிவிலேதான் நிற்கின்றன. பாடசாலை முற்றம் என்பது பல இடங்களில் மண்ணை வெட்டிச் சமப்படுத்திய ஒரு சிறிய தட்டு. அதன் ஓரத்தில் இறக்கம் தொடங்குகிறது. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது என் தம்பியையும் அயல் பிள்ளைகளையும் கவனிக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் புத்தகப் பையுடன் செங்குத்தான குறுக்குப் பாதையில், மழையில் வழுக்கும் மண்படிகளில், ஆடு போல இறங்குவார்கள். அவர்களின் சமநிலையைக் கொழும்புப் பிள்ளை ஒன்றிடம் எதிர்பார்க்க முடியாது. பாவா ஆதம் மலையேறும் காலத்தில் நல்லதண்ணி வழியாக வரும் பட்டணத்தார் படிகளில் மூச்சு வாங்க நிற்கும்போது, இந்தப் பிள்ளைகள் பக்கத்தால் ஓடிப்போவதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஆனால் இதே பிள்ளைகளிடம் ஒரு பந்தைக் கொடுத்தால் தயங்குகிறார்கள். மெதுவாகத் தூக்கிப் போடுகிறார்கள். காரணம் மிகச் சாதாரணமானது. இங்கே தவறவிட்ட பந்து தேயிலை மலைக்குள் உருண்டு ஓடைக்குள் போய்விடும். அதை எடுத்து வருவதற்குள் விளையாட்டு முடிந்துவிடும். சில வேளை பந்தே கிடைக்காது. ஆகவே பலமாக எறிவது இங்கே ஒரு குற்றம். பிள்ளைகளே ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். பலமாக எறிந்து பழகாத கை எறியக் கற்பதில்லை.

அதற்கு வழி உருளாத பொருள்தான். கிழிந்த காலுறைக்குள் இரண்டு கை அரிசியோ பயறோ போட்டு வாயைத் தைத்துவிட்டால் ஒரு பை கிடைக்கும். அது விழுந்த இடத்தில் கிடக்கும். சிறிய கைக்கும் அடங்கும். முகத்தில் பட்டாலும் பெரிதாக நோகாது. பழைய துணிகளை இறுக்கிச் சுற்றி நூலால் கட்டிய துணிப்பந்தும் நல்லது.

எறிதலைக் கற்பிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெரும்பாலும் தவறாகக் கற்பிக்கப்படுவது இதுதான். தொடக்க நிலையில் உள்ள பிள்ளை இலக்கை நேராகப் பார்த்து நின்று முழங்கையிலிருந்து மட்டும் தள்ளும். கால்கள் அசையாது, உடம்பு திரும்பாது. அடுத்த நிலையில் ஒரு காலை முன்னே வைக்கும், ஆனால் எறியும் கையின் பக்கத்துக் காலையே வைக்கும். வலக்கையால் எறிவதற்கு இடக்கால் முன்னே வரவேண்டும். அப்போதுதான் இடுப்பும் பின் தோளும் திரும்பி, அந்தத் திருப்பத்தின் வேகம் கைக்கு வந்து சேரும். வேகம் காலில் தொடங்கிக் கையில் முடிகிறது. ஆகவே பிள்ளையைப் பக்கவாட்டாக நிற்கவைக்க வேண்டும். இடது கையால் சுவரைச் சுட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பாத அடையாளம் கீறி, அதில் இடக்காலை வைத்து எறியச் சொல்ல வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு எல்லாம் மறுபக்கம். அதை மாற்ற முயலக் கூடாது.

முக்கியமான விடயம், ஆரம்பத்தில் சிறிய இலக்கைக் கொடுக்கக் கூடாது. வாளிக்குள் போடு என்று சொன்னவுடன் பிள்ளை உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு மெதுவாகத் தூக்கிப் போடும். சுவரில் சத்தம் கேட்கும்படி எறி என்று சொன்னால் கால் தானாக முன்னே போகும், உடம்பு தானாகத் திரும்பும். முதலில் பலம், பிறகுதான் குறி. கடந்த விடுமுறையில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் இதைச் செய்து பார்த்தோம். இரண்டாம் வாரத்தில் அயல் வீட்டு ஆறு வயதுச் சிறுமி எறிந்த எறியில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது. உம்மாவின் கருத்து வேறாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பிடித்தலில் முதல் எதிரி பயம். பொருள் வரும்போது பிள்ளை தலையைத் திருப்பிக் கண்ணை மூடும். கண் மூடிய பிள்ளைக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆகவே மெதுவாக வரும் ஒன்றில் தொடங்க வேண்டும். மெல்லிய பழைய சால்வை ஒன்றை மேலே வீசினால் அது ஆறுதலாக இறங்கும்; கண்ணுக்கும் கைக்கும் நேரம் கிடைக்கும். அடுத்து பலூன், அதன் பின் பை, கடைசியில் பந்து. "பந்தைப் பார்" என்பதை விட "பையில் என்ன நிறம் தைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பிடி" என்பது பலன் தரும். கைகளை நீட்டிப் பொருளைச் சந்தித்து, பிறகு உடம்பை நோக்கி இழுத்துக்கொள்ளப் பழக்க வேண்டும். நீட்டிய கைகள் இளகாவிட்டால் பொருள் தெறித்துப் போய்விடும்.

ஒருங்கிணைப்புக்கு மலைநாட்டில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் தாய்மாரைப் பாருங்கள். இரு கைகளும் தனித்தனியாக இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகின்றன. கண் அடுத்த தளிருக்குப் போகிறது. கை நிறைந்ததும் திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் வீசுகிறார்கள். கால்களோ சரிவில். இத்தனைக்கும் அதற்குரிய கூலியையும் மதிப்பையும் பெறப் போராடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

நொண்டியடித்தலுக்கும் பாய்தலுக்கும் நம்மிடம் பாண்டி இருக்கிறது, கயிறடித்தல் இருக்கிறது. கிளித்தட்டில் திடீரென நிற்றலும் திசை மாற்றலும் வரும். இவற்றை ஆசிரியர் வகுப்புக்குள் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலக்காலில் நொண்டியடித்த பிள்ளை இடக்காலிலும் அடிக்க வேண்டும். விட்டால் எல்லோரும் இலகுவான காலிலேயே முடித்துவிடுவார்கள்.

வகுப்பை ஒழுங்கு செய்யும் முறை பற்றி ஒரு சிறு கணக்கு. 36 பிள்ளைகள், ஒரு பந்து, 40 நிமிடம். ஒருவரின் முறைக்கு அரை நிமிடம் என்றால் மொத்தம் 80 முறைகள். ஒரு பிள்ளைக்கு இரண்டு முறைதான் கிடைக்கும். மிகுதி நேரம் முழுவதும் வரிசையில் நிற்பதும் முன்னால் நிற்பவரின் பின்னலை இழுப்பதும்தான். இருவருக்கு ஒரு பை என்று 18 பைகள் இருந்தால் அதே பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் நூறு முறைக்கு மேல் எறிந்துவிடும். "அவுட்" ஆக்கி வெளியேற்றும் விளையாட்டுகளும் இவ்வாறே. சங்கீதக் கதிரையில் முதலில் வெளியேறுவது ஆகத் திறமை குறைந்த பிள்ளை, அதாவது பயிற்சி ஆகக் கூடுதலாகத் தேவைப்படும் பிள்ளை. அவளை உட்கார வைத்துவிட்டு ஏற்கெனவே கெட்டிக்காரியாக இருப்பவளுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். வெளியேற்றாமல், ஐந்து முறை நொண்டியடித்துவிட்டு மீண்டும் சேர்ந்துகொள் என்று மாற்றினால் போதும்.

பெண்பிள்ளைகளைப் பெற்ற வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. நம் சமூகத்தில் பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் முற்றத்து விளையாட்டு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அது சரியா பிழையா என்ற விவாதத்தை ஒருபுறம் வைத்தாலும், அவளுக்கு அதற்கு முன் கிடைக்கும் ஆரம்பப் பிரிவுக் காலம் எவ்வளவு பெறுமதியானது என்பது தெளிவு. அந்தக் காலத்தில் எறியவும் பிடிக்கவும் பழகியவள், பின்னர் பெண்கள் கல்லூரியின் மதிலுக்குள், முழு உடை அணிந்தே வலைப்பந்தாட்டம் ஆடுவாள். பந்தைப் பிடித்ததும் காலூன்றி நிற்க வேண்டிய அந்த விளையாட்டு முழுக்க முழுக்கப் பிடித்தலும் சமநிலையும் எறிதலும்தான். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்ததும், முதல் முறை ஆயிஷா (ரழி) அவர்களே வென்றதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. தொழுகையைக்கூட நாம் நூலில் வாசித்துப் பழகவில்லை. உம்மாவின் பக்கத்தில் நின்று, ருகூவையும் சுஜூதையும் பார்த்துப் பார்த்துத்தான் பழகினோம். சிறுபிள்ளைக்கு அசைவைக் கற்பிப்பதும் இப்படித்தான். விளக்கம் குறைவாக, செய்து காட்டல் அதிகமாக.

இதனால் புலமைப்பரிசில் புள்ளி கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால்தான் சிலர் கேட்பார்கள் என்பது தெரியும். ஆயினும் பிள்ளையின் உடலில் கட்டுப்பாடு நடுவிலிருந்து நுனியை நோக்கி வளர்கிறது: முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு விரல். தோள் உறுதிப்படாத பிள்ளையின் விரலைப் பென்சிலோடு மணிக்கணக்கில் கட்டிப்போடுவதில் என்ன பயன் என்று கேட்கலாம்.

மஸ்கெலியாவில் மழை நாட்கள் அதிகம். மூடுபனி இறங்கினால் முற்றத்தின் மறுகரையே தெரியாது. அன்றைக்குப் பாடவேளையைக் கைவிட வேண்டியதில்லை. 1944 இல் இலங்கைக்கு வந்து சென்ற மரியா மொண்டிசோரி அம்மையாரின் பயிற்சிகளில் ஒன்று, தரையில் கீறிய கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொட நடப்பது. அது பழகியதும் கையில் தண்ணீர்க் குவளை ஒன்றைச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். வகுப்பறையின் மேசைகளை ஓரமாக்கினால் இதற்கு இடம் போதும். வீட்டில் என்றால் லயத்து வராந்தாவின் நீளம் போதும். அரிசிப் பையைத் தலையில் வைத்து நடக்கலாம், வலக்கையால் போட்டு இடக்கையால் பிடிக்கலாம். பையைத் தைக்கும்போது அரிசியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இறுக்கமாக நிரப்பிய பை கல்லைப் போலக் கையிலிருந்து தெறிக்கும்; தளர்வான பைதான் சிறிய விரல்களுக்குள் அமர்ந்துகொள்ளும்.